என் கண்ணாடியில் ஒட்டிய பஞ்சு

போன மாதம் எங்கள் முடிதிருத்துவோர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். இருவருமே பெரம்பலூரில் சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்த சலூன் வைத்திருப்பவர்கள். ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம்.

"இப்பல்லாம் ட்யூப்ல ஒரு கிரீம் வருதுங்கய்யா. சாயங்காலம் மூஞ்சக் கழுவித் தடவிட்டுப் படுத்தா காலைல சவரம் வழுவழுன்னு வருமாம்," என்றார் ஒருவர். "இத நீங்க அந்தக் காலத்துலயே பயத்த மாவுலயும் தேங்கா எண்ணெயிலயும் பண்ணிட்டீங்கன்னு எங்கப்பா சொல்லுவாரு. 'தங்கராசு முறை'ன்னு தலைப்புப் போட்டு எழுதிக் குடுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டேன். யாராவது புகழ்ந்தால் என் தலை தானாக ஆடும். அவர்கள் போன பிறகு தாளை எடுத்து அந்தத் தலைப்பை எழுதினேன். அதற்குக் கீழே ஒரு வரிகூட வரவில்லை. காரணம், அது தங்கராசு முறை இல்லை. வேணு முறை. அந்த வேணுவைப் பார்த்து நாற்பது வருஷம் பொறாமைப்பட்டவன் நான். கோபம் வந்தது, போனது. ஆசைகள் வந்தன, போயின. இந்தப் பொறாமை மட்டும் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன். சங்கத்துக்குப் பிடித்தால் அச்சடிக்கட்டும், இல்லாவிட்டால் திருப்பித் தரட்டும்.

தொழில் பழகிய கதையை நீட்ட விரும்பவில்லை. மண்பானையின் முதுகில் சோப்பு நுரையைத் தடவி அதை வழித்து வழித்துக் கை பழகினேன். பிறகு என் மாமன் முகம், பிறகு ஊரார் முகம். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் அரியலூரில் ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் பக்கிரிசாமி முதலாளியின் சலூனில் சேர்ந்தேன். இரண்டே நாற்காலி. நாற்காலிக்கு எதிரே ஆளுக்கு ஒரு கண்ணாடி.

முதலாளி யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. திட்டியிருந்தால் தேவலை. வாயில் வெற்றிலை போட்டுக்கொண்டு வாசல் பக்கம் உட்கார்ந்திருப்பார். ஒரு சவரம் முடிந்து நாங்கள் துண்டை உதறியதும் எழுந்து வருவார். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு சிட்டிகை பஞ்சு எடுப்பார். பெரம்பலூர்க் கரிசல் காட்டுப் பஞ்சு, கொட்டை நீக்கியது. அதை விரலால் பிரித்து மெல்லிசாக்கி, வந்தவரின் முகவாயிலிருந்து காது நோக்கி, அதாவது முடி வளரும் திசைக்கு எதிராக, ஒரு இழுப்பு இழுப்பார். கத்தி விட்டுப்போன முளை ஒன்று இருந்தாலும் பஞ்சின் இழை அதில் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்தப் பஞ்சைக் கிண்ணித் தண்ணீரில் தொட்டு, வழித்தவனுடைய கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார். கடை சாத்தும் வரை அது அங்கேயே இருக்கும். எடுக்கக் கூடாது.

ஊருக்கே அந்தப் பஞ்சின் அர்த்தம் தெரியும். உள்ளே வருகிறவர் முதலில் கண்ணாடிகளைத்தான் பார்ப்பார், பிறகுதான் நாற்காலியைப் பார்ப்பார்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் தொழில் செய்தவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. அதனால் அவர் கண்ணாடியைவிட என்னுடையது எப்போதும் சுத்தமாக இருந்தது. நான்தான் ஜில்லாவிலேயே பெரிய கைக்காரன் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். அவர் வேலையை விட்டுப் போனார். பெரம்பலூரிலிருந்து, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய கரி பஸ்ஸில் வேணு வந்து இறங்கினான்.

என்னைவிட இரண்டு வயது சின்னவன். ஒல்லி. பேச்சுக்குப் பேச்சு 'அண்ணே' என்பான். முதல் மாதம் அவன் கண்ணாடியிலும் பஞ்சு ஒட்டியது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாவது மாதம் குறைந்தது. மூன்றாவது மாதம் அவன் கண்ணாடி துடைத்து வைத்தது போல இருந்தது. என்னுடையதில் ஒரு நாளைக்கு நாலு, ஐந்து. ஸ்டேஷன் கிளார்க், பள்ளிக்கூட வாத்தியார், நவதானியக் கடைக் கணக்கப்பிள்ளை என்று என்னிடம் உட்கார்ந்த தலைகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் நகர்ந்தன. என் நாற்காலி காலியாக இருக்கும்போதே, "இருக்கட்டும்ப்பா, வேணு வரட்டும்" என்று பெஞ்சில் காத்திருப்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்கும்போது எனக்கு வயிறு எரியும். சும்மா சொல்லவில்லை. நிஜமாகவே மார்புக்குக் கீழே காந்தும். மோர் குடித்தால்கூட அடங்காது.

அவன் கையைக் கவனித்தேன். என் கையைவிட ஒன்றும் உசத்தியில்லை. கத்தி தீட்டும் வாரைக் கவனித்தேன். ஒரே தோல். ஒரே சோப்பு. ஒருநாள் என் கத்தியில் பல் விழுந்துவிட்டது என்று பொய் சொல்லி அவன் கத்தியைக் கேட்டேன். யோசிக்காமல் கொடுத்தான். நான் பொய்யாகக் குறை சொன்ன கத்தியில் அவன் நாள் முழுக்க வேலை செய்தான். அன்று என் கண்ணாடியில் ஆறு பஞ்சு. அவன் கண்ணாடியில் ஒன்றுமில்லை. ஏதோ வசியம் வைத்திருக்கிறான் என்றே முடிவு கட்டினேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. சவரம் முடிந்து ஆள் எழும்போது வேணு அவர் காதோரம் குனிந்து ஏதோ சொல்வான். மறுமுறை அவர் வரும்போது, "நேத்து செஞ்சீங்களா?" என்று கேட்பான். அவரும் பாடம் படித்த பிள்ளை போலத் தலையாட்டுவார்.

விளக்கு வைத்த பிறகு எங்கள் கடையில் கத்தியைத் திறக்கக் கூடாது. எல்லா ஊரிலும் அப்போது அப்படித்தான். அதனால் பொழுது சாயும் நேரம் எங்களுக்கு வேலை இல்லாத நேரம். ஒருநாள் அந்த நேரத்தில் வேணுவின் பின்னாலேயே போனேன். குளத்துக்குப் போனான். நான் புளியமரத்துக்குப் பின்னால் நின்றேன். படிக்கட்டில் கிளார்க்கும் வாத்தியாரும் கணக்கப்பிள்ளையும் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையாக உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். வேணு ஒரு தகர டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு பிடி மாவு கொடுத்தான். அப்போது என்னைப் பார்த்துவிட்டான்.

"அண்ணே, அங்க ஏன் மறஞ்சு நிக்கிறீங்க? வாங்க, நீங்களும் கழுவுங்க."

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அந்தக் குளத்திலேயே விழுந்துவிடலாம் போல இருந்தது. இறங்கிப் போனேன். அவன் எதையும் மறைக்கவில்லை என்பதுதான் எனக்கு அன்று பெரிய அடி. மறைத்திருந்தால் திருடன் என்று திட்டியாவது ஆறுதல் அடைந்திருப்பேன்.

"காலைல ரெண்டு நிமிஷம் சோப்பு போட்டா தாடி எப்புடிண்ணே எளகும்?" என்றான். "மொத நாள் சாயங்காலமே தோல தயார் பண்ணிரணும். நம்மூரு கெணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, சோப்பு நுரைக்காது, தோலும் வறவறங்கும். அதான் கொளத்துக்கு வரச் சொல்றேன்."

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சங்கத்துப் பிள்ளைகள் கேட்டது இதைத்தான். பொழுது சாய்ந்ததும் அன்றைய புழுதியைக் கழுவிவிட வேண்டும், வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் இன்னும் நல்லது. பாசிப்பயற்று மாவைத் துணியில் இரண்டு முறை சலித்து, தண்ணீரில் குழைத்து, முடி படிந்திருக்கும் போக்கிலேயே தடவ வேண்டும். காய விடக் கூடாது; ஈரம் இருக்கும்போதே கழுவிவிட வேண்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து, பூசியதே தெரியாத அளவுக்குத் தொட்டு வைக்க வேண்டும். பரு, கட்டி இருந்தால் வெந்நீரில் நனைத்த துணியை ஒற்ற வேண்டும். நகம் படக் கூடாது. படிகாரம் சாயங்காலத்தில் ஆகாது, அது தோலை இறுக்கிவிடும். தலையணைத் துணியை வாரத்துக்கு இரண்டு முறை தோய்க்க வேண்டும். காலையில் கத்தி எடுப்பவனுக்கு அதற்கப்புறம் பாதி வேலைதான்.

கேட்டுக்கொண்டேன். 'இவ்வளவுதானா' என்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்ற நினைப்பு அன்று சாப்பாட்டைக்கூட இறங்க விடவில்லை.

இந்த நேரத்தில்தான் விக்கிரமங்கலத்துக் கல்யாணம் வந்தது. அந்த ஊரில் பெரிய நிலக்காரர் ஒருவர். பெரம்பலூர்க் கடைத்தெருவில் அவருக்கு ஒரு கட்டடம் இருந்தது. அதில் ஒரு சலூன் வைக்க வேண்டும் என்பது எங்கள் முதலாளியின் ரொம்ப நாள் ஆசை. "மொதல்ல எம் மவன் கல்யாணம் நல்லபடியா முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்று சொல்லியிருந்தார் நிலக்காரர். புதுக் கடையை நடத்தப் போவது நானா வேணுவா என்று முதலாளி வாய் திறக்கவில்லை. எனக்கு அது ஒன்றுதான் வேண்டும். தனிக் கடை, வேணு இல்லாத கடை, பக்கத்தில் இன்னொரு கண்ணாடி இல்லாத கடை.

மாப்பிள்ளை கலியபெருமாளின் முகம்தான் சிக்கல். கம்பி போன்ற சுருட்டை முடி. வழித்த முடி திரும்பவும் தோலுக்குள்ளேயே வளைந்து புகுந்து, கழுத்து முழுக்கச் சிவந்த கட்டிகள். அதைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கி வைத்திருந்தார். பெண் வீட்டில் ஒரு அத்தைக்காரி, "பையனுக்குத் தோல் வியாதி ஏதும் உண்டா?" என்று கேட்டுவிட்டாளாம். மணவறையில் அந்த முகத்தோடு உட்கார்ந்தால் கேள்வி ஊர் முழுக்கப் பரவும்.

"ஒரு வாரம் முன்னாடியே யாராவது போய்த் தங்கணும்," என்றார் முதலாளி.

"நான்தானே முதலாளி மூத்தவன்," என்றேன், வேணு வாயைத் திறக்கும் முன்பே.

புறப்படும் அன்று வண்டி வரை வேணு கூட வந்தான். என் பெட்டியை அவனே தூக்கி வைத்தான். "அண்ணே, ஒண்ணே ஒண்ணு. மொத நாள் சாயங்காலம் நலங்கு வெப்பாங்க. மஞ்சளும் மாவும் கொழச்சு மூஞ்சி பூரா அப்பி விட்ருவாங்க. அது காய்ஞ்சா தோலு இறுகிப் போயிரும். காயறதுக்கு முன்னாடி கழுவச் சொல்லிட்டு எண்ணெ தொட்டு வெச்சுருங்க."

'அடேய், புரிந்தது உன் தந்திரம்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கல்யாண வீட்டில் சுமங்கலிகள் கை வைத்துப் பூசிய நலங்கைக் கழுவு என்று நான் சொல்ல வேண்டுமாம். அவர்கள் என்னை வெளியே தள்ள வேண்டுமாம். கடை இவன் கைக்குப் போக வேண்டுமாம். "சரிசரி" என்று சொல்லி வண்டியில் ஏறிக்கொண்டேன்.

விக்கிரமங்கலத்தில் ஆறு நாளும் வேணு சொன்னபடி ஒன்று விடாமல் செய்தேன். தினமும் பொழுது சாயும்போது கொல்லைப்புறத்தில் வெந்நீர், மாவு, ஒற்றுத் துணி, எண்ணெய். கத்தியைத் தொடவே இல்லை. கட்டிகள் அமுங்கின. புண் ஆறியது. நாலாம் நாள் மாப்பிள்ளை கழுத்தைத் தடவிப் பார்த்து, "ஏப்பா தங்கராசு, ஒனக்குக் கைராசிதான்" என்றார். நான் ஏதோ என் பாட்டன் சொத்தைச் செலவழித்தவன் போலச் சிரித்துக்கொண்டேன்.

ஏழாம் நாள் சாயங்காலம் நலங்கு. பெண்கள் பாடிக்கொண்டே மஞ்சளையும் மாவையும் அவர் முகத்தில் கனமாக அப்பினார்கள். நான் கொட்டகைக் காலில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன். காயக் காய மஞ்சள் வெடித்தது. மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "தோலு இழுக்குதுப்பா, கழுவட்டுமா?" என்று கேட்டார்.

அவரே கேட்டார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கழுவுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அது வேணுவின் வார்த்தையாக இருந்தது.

"இருக்கட்டும் சாமி, நலங்கு ஒடம்புக்கு நல்லதுதானே," என்றேன்.

காலையில் முதலாளியும் வேணுவும் வந்து சேர்ந்தார்கள், விருந்தாளிகளுக்குச் சவரம் செய்ய. வேணு மாட்டுக் கொட்டகைப் பக்கம் யாரோ ஒரு பெரியப்பாவுக்கு வழித்துக்கொண்டிருந்தான். நான் மாப்பிள்ளையை மணையில் உட்கார வைத்தேன். காய்ந்த மஞ்சளை இரவில் வறண்ட துண்டாலேயே தேய்த்து எடுத்திருக்கிறார். ஆறிய கட்டிகள் எல்லாம் மறுபடி எழும்பியிருந்தன. முடியின் அடியில் மாவு ஓடு கட்டியிருந்தது. சோப்பைப் போட்டேன். வெள்ளை நுரை என் கண் முன்னால் சிவப்பாக மாறியது. ரத்தம் என்று பிரஷ்ஷைப் பின்னுக்கு இழுத்தேன். பிறகுதான் அது மஞ்சளில் சோப்புப் பட்ட சிவப்பு என்று புத்திக்கு எட்டியது. அசட்டுத் துணிச்சலோடு கத்தியை வைத்தேன். கத்தி ஓடவில்லை, துள்ளியது. தாடைக்குக் கீழே இரண்டு கட்டிகள் அறுந்து நிஜ ரத்தமே வந்தது.

"எரியுதுப்பா," என்று முகத்தைச் சுளித்தார் மாப்பிள்ளை.

அந்த நேரம் பார்த்து அவருடைய அம்மா பின்கட்டு வாசலில் வந்து நின்றார். மகனின் முகத்தைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார்.

"அடப்பாவி! கல்யாணத்தன்னைக்கு எம் புள்ள மூஞ்சில ரத்தமா?"

கடை போனது, மானம் போனது, முதலாளியின் பெயரும் போனது என்று ஒரே நொடியில் எல்லாம் கண் முன்னால் ஓடியது. வேணு தன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தான்.

"ரத்தம் இல்லீங்கம்மா. நலங்கு மஞ்சள்ல சோப்பு பட்ருக்கு. மஞ்சத் துணில சோப்பு போட்டா செவக்கும்ல, அதாங்க. இங்க பாருங்க." நலங்குத் தட்டில் கிடந்த மஞ்சள் துணியின் ஓரத்தில் என் பிரஷ்ஷால் ஒரு தொடு தொட்டான். துணி குங்குமமாகச் சிவந்தது. "ஆரத்தி நெறங்கம்மா. நல்ல சகுனம்."

அந்த அம்மாள் துணியைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "சீக்கிரம் முடிங்கப்பா, முகூர்த்தம் நெருங்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"அண்ணே, வெந்நி கொண்டாங்க," என்றான் வேணு. நான் ஓடினேன். சூடான துணியை நாலு தடவை மாற்றி மாற்றிப் போட்டு ஓடு கட்டிய மாவை இளக்கினான். கழுவினான். எண்ணெய் தொட்டான். அறுந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். அவனே வழித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. கத்தியைத் துடைத்து என் கையில் கொடுத்தான்.

"நீங்களே முடிங்கண்ணே. முடி போற போக்குலயே போங்க. கழுத்துல ரெண்டாந்தடவ வேணாம்."

வழித்தேன். ரத்தம் ஒரு சொட்டு வரவில்லை. முகம் மணவறைக்குத் தகுந்த முகமாக வந்தது. முதலாளி வந்தார். சுருக்குப்பையிலிருந்து பஞ்சை எடுத்தார். மாப்பிள்ளையின் கழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேணுவைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, பஞ்சைத் திரும்பவும் பைக்குள்ளேயே வைத்துவிட்டார்.

"யாரு வழிச்சது?"

"அண்ணன்தான் முதலாளி," என்றான் வேணு.

பொய்யில்லை. கத்தி என் கையில்தான் இருந்தது. ஆனால் அது உண்மையா? நான் வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் முடிந்தது. பெண் வீட்டு அத்தைக்காரி மாப்பிள்ளை முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். இரண்டு மாதத்தில் பெரம்பலூர்க் கடைக்கு நான் வந்துவிட்டேன். வேணு அரியலூரிலேயே, அந்த இரண்டாவது நாற்காலியிலேயே நின்றான்.

பெரம்பலூரில் என்னிடம் வந்த ஒவ்வொருவருக்கும் சாயங்கால வேலையைச் சொல்லிக்கொடுத்தேன். 'தங்கராசு சொன்னால் முகம் தேறும்' என்று பெயர் வந்தது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவன்மேல் இன்னும் கொஞ்சம் எரிந்தது. எடுத்துக்கொண்டவன் நான், கொடுத்தவன் அவன். கொடுத்தவனை வெறுப்பது எவ்வளவு சுலபம் என்பது எடுத்துக்கொண்டவனுக்குத்தான் தெரியும்.

தலைப்போடு மல்லாடி ஒரு வாரம் கழிந்ததும் அரியலூருக்கு பஸ் ஏறினேன். வேணுவுக்கு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். கத்தியோடு வருகிறேன் என்று முன்கூட்டியே கடிதம் போட்டிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தான், நாலு நாள் தாடி. பழைய கத்தியைக் கொண்டு போயிருந்தேன்.

"நான் வழிச்சு விடட்டுமாடா?"

"வழிங்கண்ணே."

வழித்துக்கொண்டே கேட்டேன். "அன்னைக்கு முதலாளிகிட்ட ஏன் அப்புடிச் சொன்ன?"

"எப்புடிச் சொன்னேன்?"

"அண்ணன்தான் வழிச்சாருன்னு."

"நீங்கதானேண்ணே வழிச்சீங்க?" என்றான், எனக்குத்தான் மறதி வந்துவிட்டது போல. இத்தனை வருஷம் நான் சுமந்ததை அவன் அன்றே கொல்லைப்புறத்தில் போட்டுவிட்டு வந்திருக்கிறான். அதற்கும் பொறாமையாக இருந்தது.

நொண்டாமல், இழுக்காமல், வெண்ணெயில் போவது போலக் கத்தி போனது. முடிந்ததும் பழைய ஞாபகத்தில் அவன் தலையணைக் கிழிசலிலிருந்து ஒரு சிட்டிகை பஞ்சை உருவி, முகவாயிலிருந்து காது வரை எதிர்த் திசையில் இழுத்தேன். ஒரு இழை மாட்டவில்லை. எழுபது வயதில் இந்தக் கை இப்படி வழிக்கிறதே என்று யாரும் புகழாமலே என் தலை ஆடத் தொடங்கியது.

வேணு சிரித்தான். "நேத்து சாயங்காலமே பயத்த மாவு போட்டுக் கழுவி எண்ணெ தொட்டு வெச்சுக்கிட்டேண்ணே. எடது கையாலதான். நீங்க வரீங்கன்னு கடுதாசி வந்துச்சுல்ல, வந்த எடத்துல ஒங்க கத்தி தடுமாறக் கூடாதுன்னுதான்."

ஊர் திரும்பியதும், கையோடு கொண்டுவந்திருந்த, ஒன்றும் மாட்டாத அந்தப் பஞ்சைத் தண்ணீரில் தொட்டு என் கண்ணாடியில் நானே ஒட்டினேன். இன்னும் எடுக்கவில்லை.